மூன்றாவது ஈச்சமரம்

“மூணாவது ஈச்சமரம். ஆத்துப் பக்கம் சாய்ஞ்ச மட்டை. பாருங்க” என்றார் மாணிக்கவாசகம், பைனாகுலரைக் கண்ணில் வைக்காமலே.

பதினோரு பைனாகுலர்கள் உயர்ந்தன.

கூடு இருந்தது. குடுக்கை வயிறும் நீளக் குழாய் வாயுமாக, ஆவணிக் காலைக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அடையாற்றுக் கரையில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது என்று அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறார். ஞாயிறு காலை பறவை பார்க்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். தொப்பியிலேயே அப்படித் தைத்திருந்தது. தைக்கக் கொடுத்ததும் அவர்தான்.

ஆனால் இதுவரை ஒருவரும் அந்தக் கூட்டின் துரும்பைக்கூடக் கண்டதில்லை.

போன வாரம் மந்தைவெளி ஜொவிட்டா டீச்சர், ரிட்டயரான பிறகும் வகுப்பறைக் குரலை விடாதவர், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டைக் காட்டுங்க சார். இல்லேன்னா அந்தத் தொப்பியைக் கழட்டி என்கிட்ட குடுத்துடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தொப்பி மட்டும் சிரிக்கவில்லை.

இன்று அது தலையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

“ஆண்தான் கட்டும்” என்று பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரலால் காட்டினார். “பாதி கட்டிட்டுப் பெண்ணைக் கூப்பிடும். அது உள்ளே வந்து பார்க்கும். பிடிக்கலைன்னா பேசாம போயிடும்.”

“ஃப்ளாட் பார்க்க வர்றவங்க மாதிரி” என்றது பின்னால் ஒரு குரல்.

ஜொவிட்டா டீச்சர் பைனாகுலரை இறக்கவில்லை. “ஒத்தைக் கூடா சார்? இதுங்க கூட்டமா இல்ல கட்டும்?”

“இது கொஞ்சம் தனிமை விரும்பி, டீச்சர்.”

“கட்டுற காலத்துல பச்சையா இருக்கணுமே. இது காய்ஞ்சு பழுப்பா இருக்கு.”

“மெட்ராஸ் வெயில்.”

பதில்கள் வரிசையாகத் தயாராக இருந்தன.

“உள்ளே குருவி இருக்கா?”

“இல்லாம? முட்டைமேல உக்காந்திருக்கு. இப்போதைக்கு வெளியே வராது. தொந்தரவு பண்ணாம நாம கிளம்பிடலாம்.”

அப்போதுதான் குழாய் வாயிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு முழு உடம்பும் வெளியே வந்து, மட்டையில் உட்கார்ந்து, இறகை உதறிக்கொண்டது.

“ஐயோ, குருவி” என்று அலறினார் மாணிக்கவாசகம்.

பதினோரு பேரும் கூட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். பறவையைக் கண்டு தலைவர் பயந்து யாரும் பார்த்ததில்லை.

“சில்லை” என்றார் ஜொவிட்டா டீச்சர். “நெஞ்சுல புள்ளி தெரியுதா? தூக்கணாங்குருவி விட்டுட்டுப் போன கூட்டுல இதுங்க வந்து இருந்துக்கும்.”

இன்னொரு சில்லை புல் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தது.

டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார். “கூடு கூடுதான். தொப்பி உங்களுக்கே சார். ஆனா குஞ்சு பறக்குற வரைக்கும் ஒவ்வொரு வாரமும் இங்கதான் வர்றோம். அதுவரைக்கும் யாரும் கையை வைக்கக் கூடாது.”

கைதட்டினார்கள். மாணிக்கவாசகம் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவருக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு வேலை இருந்தது. அது இனி நடக்காது.

வீட்டுக்குப் போனபோது மனைவி ஜோதிலட்சுமி ஹாலில் துடைப்புத் துணியோடு நின்றிருந்தாள்.

“நாளைக்குச் சம்பந்தி வீட்டுல வர்றாங்க. பாண்டி பஜார்ல ஆசையா வாங்கி மாட்டுனேனே குருவிக்கூடு, எங்கங்க அது? புதன்கிழமையிலேருந்து வெறும் ஆணிதான் இருக்கு.”

மாணிக்கவாசகம் தொப்பியைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார்.

“அதுல ஆள் குடி வந்தாச்சு” என்றார்.