வந்துட்டோம்க்கா

ஊருக்கு ஆபத்து என்றால் தங்களுக்குள் பேசிக்கொள்ள, செவத்தாள் என்ற தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் போலீஸ் ஜீப்புக்கும் தனி அலைவரிசை கிடைத்தது. ஈ, காக்கைகூடக் குறுக்கே பேச முடியாது.

வாராவாரம் ஒத்திகை. செவத்தாள், "ஐயோ, தீ" என்று அலறுவாள். மற்ற இரண்டும் கொட்டகையில் நின்றபடியே, "வந்துட்டோம்க்கா" என்று பதில் கொடுக்கும். ஒத்திகைக்கு எதற்கு டீசலை வீணாக்குவது என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம் பஞ்சு மில் நிஜமாகவே பற்றிக்கொண்டது. முதலில் போய் நின்றது செவத்தாள்தான். மாடி ஜன்னலில் ஆட்கள் கையை ஆட்டிக் கதறினார்கள்.

"தீடா! மாடியில ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க, ஓடி வாங்க" என்று கத்தினாள்.

"வந்துட்டோம்க்கா" என்று உடனே பதில் வந்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. சாலையைப் பார்த்தாள். தூசிகூடக் கிளம்பவில்லை.

"எங்கடா இருக்கீங்க?"

"கொட்டகையிலதான்க்கா, வழக்கம்போல" என்றது ஜீப்.

"ஐயோ, நிஜத் தீடா" என்று செவத்தாள் அழுதேவிட்டாள். அலைவரிசையோ அத்தனை சுத்தம். ஜீப்பிடம் ஆம்புலன்ஸ் கிசுகிசுத்ததுகூடத் தெளிவாகக் கேட்டது.

"அக்கா இன்னிக்கு நிஜமாவே அழுற மாதிரி பேசுதுல்ல?"