மொட்டைமாடி மழை

வீட்டுச் சுவர்களே வானிலை சொல்ல ஆரம்பித்த பிறகு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. "மழை வருது" என்று சுவர் சொன்னால் ஜன்னல்கள் தாமாகச் சாத்திக்கொள்ளும். இன்னும் கொடியில் துணி காயப்போடும் இரண்டே பேர், மணவாளனும் மூன்றாம் மாடி சாருலதாவும், மொட்டைமாடிக்கு ஓடுவார்கள்.

அவளோடு நாலு வார்த்தை பேச, மாடியில் மழை அளக்கும் கிண்ணத்தில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று மணவாளன் கண்டுபிடித்திருந்தான். சில நாள் அவன் ஊற்றாமலேயே சுவர் மழை என்றது. மாடியில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. இயந்திரமும் தன் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஊரெல்லாம் வெயில், இங்கே மட்டும் மழையா என்று சங்கத்தில் புகார் கிளம்பியது. கிண்ணத்தின் கணக்கை வீடுகளுக்கு அனுப்பும் கேட்வே பெட்டியை மாற்ற மெக்கானிக் வந்தார்.

"மழைத் தண்ணில உப்பு படியாதுங்க. யாரோ போர் தண்ணிய ஊத்தியிருக்காங்க," என்றார் கிண்ணத்தைத் துடைத்தபடி. "புதுப் பெட்டி அக்கம்பக்கத்து மழையையும் கேட்டுட்டுதான் வாயத் திறக்கும். இனிமே ஏமாத்த முடியாது."

கூட நின்ற மணவாளன் மெல்லத் தண்ணீர்த் தொட்டியை மறைத்து நகர்ந்து நின்றான். மெக்கானிக் அவனைத் தாண்டிப் போய், தொட்டிக்குப் பின்னாலிருந்து அவனுடைய நீல மக்கை எடுத்தார். பிறகு பூந்தொட்டிகளுக்குப் பின்னால் கைவிட்டு இன்னொரு மக்கையும் எடுத்தார். அது சிவப்பு.

சுவர் எதுவும் சொல்லாமலேயே சாருலதா படியேறி வந்திருந்தாள்.

"அந்தச் சிவப்பு என்னோடதுங்க," என்று கையை நீட்டினாள்.