வெளிய வாப்பா

"அப்பா, வாயு வருதுப்பா! சீக்கிரம் வெளிய வாப்பா!"

விசாரணை அறையில் ஒரு சிறுமி அலறியதும் வசுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலாளர் மேஜைமேல் வைத்துத் தன் சாவியால் இயக்கிக் காட்டிய தலைக்கவசம்தான் கத்தியது. அபாயச் சங்கை மதிக்காத சுரங்கத் தொழிலாளியும், பெற்ற பிள்ளை கூப்பிட்டால் ஓடி வருவான் என்று, ஒவ்வொருவர் கவசத்திலும் அவரவர் குழந்தையின் குரலைப் பதித்திருந்தார்கள். உள்ளே வாயு கசிந்தால், ஆள் சுரங்கத்தைவிட்டு வெளியேறும்வரை அது ஓயாது.

"இவ்வளவு கத்தியும் ஐயா சுரங்கத்துக்குள்ளயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கார், மேடம். கூட இருந்தவங்க தரதரன்னு இழுத்துட்டு வந்தாங்க. அப்பட்டமான விதிமீறல். வேலையை விட்டு எடுக்கணும்" என்றார் மேலாளர்.

இத்தகைய தகராறுகளைத் தீர்த்துவைப்பதுதான் பாதுகாப்பு நிபுணர் வசுமதியின் வேலை. எதிரே தலைகுனிந்து நின்ற பேச்சிமுத்துவிடம் கோபமாகவே கேட்டாள்.

"உயிரே போயிருக்குமே! பொண்ணு அப்படிக் கெஞ்சியும் ஏங்க எழுந்து வரலை?"

அவர் கவசத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போன தையில புள்ள காய்ச்சல்ல போயிட்டாம்மா. நான் வெளிய வந்துட்டா, அவ பேசறதை நிறுத்திருவாளே."