மீனுக்காக வைத்த மீசை

“கண்ணைத் துடைச்சுப்போட்டு நல்லாப் பாரடா லவன். நிக்கிறானா, இல்லையா?”

கல்கரியிலிருந்து வந்து இறங்கிய வீரக்குட்டி இன்னும் ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில், பதினோராம் மாடி வீட்டு ஹோலில், தன் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குப் பின்னால், பச்சையிலே செம்மஞ்சள் கோடு போட்ட ராஸ் என்ற கடல்மீன் ஒன்று, வீட்டு வாடகை கட்டுவதே தான்தான் என்பதுபோல் மேலும் கீழும் உலாவியது.

“நிக்கிறான்தான் அண்ணை,” என்றான் லவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பிறம்ரனில் லொறி ஓட்டுகிற லவன்தான் அவரை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்தவன். அவன் முகம் செத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, வீரக்குட்டியை வேலையிடத்தில் கல்கரிக்கு அனுப்பியபோது, இதே தொட்டிக்கு முன்னால் நின்றுதான் அவன் வாயைக் கொடுத்தான்.

“பரிமளமக்காவை நம்பித் தொட்டியை விட்டிட்டுப் போறீங்கள். நீங்கள் வரேக்க அதுக்குள்ள ஒரு ஆம்பிளை ராஸ் உயிரோட நிண்டால், நான் என்ர மீசையை எடுக்கிறன்.”

வீரக்குட்டி விடுவாரா?

“அவள் பார்த்தாலென்ன, பார்க்காட்டியென்ன? நான் பார்த்து எடுத்தவன் சாகமாட்டான். செத்தால் நான் என்ர மீசையை எடுக்கிறன். மட்டக்களப்பான் சொன்ன சொல் மாறமாட்டான்.”

அடுப்படியில் நின்ற மனைவி பரிமளம் இரண்டையும் கேட்டாள்.

தொண்ணூற்றேழில் ரொறன்ரோத் தமிழர் வீட்டில் உப்புத்தண்ணீர் மீன் வளர்க்கிறவர் தான் ஒருவர்தான் என்பது வீரக்குட்டியின் நினைப்பு. அதை ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். இன்றைக்கு வென்றும் விட்டார், பிறகென்ன கேட்கவா வேண்டும்?

“ராஸ் எடுக்கிறதுக்குக் கண் வேணுமடா. மூலையில ஒதுங்கிறதைத் தொடக்கூடாது. வயிறு ஒட்டினது வேண்டாம். கடைக்காரனைக் கொண்டு தீன் போடுவிச்சு, பாய்ஞ்சு வந்து தின்னுறதைத்தான் எடுக்கவேணும். அப்பிடி எடுத்தவன் இவன். கூட இருக்கிறதுகள் சும்மா தோழிமார். சேர்த்து வைக்கச் சொன்னாங்கள், மூண்டு பொட்டையளை வாங்கிப்போட்டன். நிறமுமில்லை, ஒண்டுமில்லை.”

லவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். மூழ்குகிறவனுக்கு ஒரு துரும்பாவது கிடைக்காதா?

“அண்ணை, போகேக்க இவன்ர வால் நுனியில ஒரு கிழிசல் இருந்ததெல்லே?”

“ஆறியிருக்கும். திடமான உடம்பு.”

“பொட்டையளும் ரெண்டுதானே நிக்குது?”

தேத்தண்ணீர் கொண்டுவந்த பரிமளம், “ராஸ் மீன் மணலுக்குள்ள புகுந்து படுக்கிறது உமக்குத் தெரியாதே?” என்று கேட்டாள்.

“கேட்டியா? அவளுக்கே தெரிஞ்சிருக்கு,” என்று சிரித்தார் வீரக்குட்டி. “நான் வெளிக்கிடேக்க என்ர கையாலதான் இவனுக்குத் தீன் குடுத்தன். போயிட்டு வாறன் ராசா எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனன். சொன்ன மாதிரியே காத்துக்கொண்டு நிக்கிறான் பார்.”

இனித் தப்ப வழியில்லை. லவன் குளியலறைப் பக்கம் திரும்பினான். பரிமளம் அலுமாரியைத் திறந்து, புதிதாக வாங்கி வைத்திருந்த இரண்டு றேசர் கொண்ட பைக்கற்றை உடைத்து, ஒன்றை அவனிடம் கொடுத்தாள்.

திரும்பி வந்தவனைப் பார்த்து வீரக்குட்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உரித்த கோழி மாதிரி இருந்தான். பாவம், தேத்தண்ணீரும் குடிக்காமல் மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டான்.

கதவைச் சாத்தியதும் வீரக்குட்டி தொட்டிக்கு முன்னால் குனிந்தார்.

“என்ர ராசா. என்ர மானத்தைக் காப்பாத்திப்போட்டாய்.”

“உங்கட ராசா யன்னலோரத்தில, கறிவேப்பிலைச் சாடி மண்ணுக்குள்ள கிடக்கிறான்,” என்றாள் பரிமளம்.

வீரக்குட்டி மெல்ல நிமிர்ந்தார்.

“போயிட்டு வாறன் எண்டு கொஞ்சினீங்கள், சரி. தொட்டியை மூடினீங்களே? நீங்கள் பிளேன் ஏற முந்தியே துள்ளி வெளியில விழுந்திட்டான். நான் கண்டெடுக்கேக்க உயிரில்லை.”

“அப்ப... இவன் ஆர்?”

“சும்மா தோழி எண்டீங்களே, அந்தப் பொட்டையளில பெரியவள். இந்த இனத்தில ஆம்பிளை இல்லாமல் போனால், பொட்டை ஒருத்தி ஆம்பிளையா மாறி அந்த இடத்தை எடுப்பாளாம். மீன் கடையில போய்க் கேட்டு அறிஞ்சன். வேளைக்கு வேளை தீன் போட்டு, தண்ணி மாத்தி, அவளை இந்த நிறத்துக்குக் கொண்டுவந்தது நான்.” சொல்லும்போது பரிமளத்தின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

வீரக்குட்டி கதவுப் பக்கம் பார்த்தார். “அப்ப லவன்ர மீசை அநியாயமாப் போச்சே?”

“அநியாயமில்லை. என்ர பொறுப்பில ஆம்பிளை மீன் நிக்காது எண்டான், நிக்குது. நீங்கள் எடுத்தவன் சாகமாட்டான் எண்டீங்கள், செத்திட்டான். மட்டக்களப்பான் சொன்ன சொல் மாறமாட்டான்தானே?” என்றபடி, பைக்கற்றில் மிஞ்சியிருந்த மற்ற றேசரை எடுத்து அவரிடம் நீட்டினாள் பரிமளம்.