லேஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு

லேஸ் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் காலையில் எழுதியிருந்தார்.

திட்டவில்லை. தங்கள் வேலை நேர்த்தியாக இருப்பதால்தான் சொல்கிறேன் என்று ஒரு வரி வேறு. என் தொழிலில் இவ்வளவு மரியாதையாகக் குறை சொல்கிறவர்கள் அபூர்வம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நான் செய்வது தொட்டுப் பார்க்க முடியாத துணி. கணினிக்குள் ஓர் உலகம், அதில் உலவுகிற பொம்மை மனிதர்கள். அவர்களுடைய உடுப்பின் மேல் போர்த்துகிற படங்களைச் செய்து விற்கிறேன். வாங்குகிறவர் கோப்பைத் தன் கணினியில் இறக்கி, தன் பொம்மைக்குப் போட்டுக்கொள்வார்.

"இல்லாத ஆளுக்கு இல்லாத சட்டை. அதுல ஓரம் சரியில்லன்னு ஒரு குறை வேறயா?" என்றாள் அக்கா, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே.

அவள் கேலி செய்தால் எனக்குச் சந்தோஷம். வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள்.

அவள் அத்தானை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. நான் குடியிருக்கும் இந்த வீடு எங்கே என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அத்தான் நைசாகப் பேசிக் கறந்துவிடுவார். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் அடிப்பதற்கு மட்டும் அக்கா இருந்தாள்.

என் கடையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டைப் பார்க்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் அவளை இங்கே வைத்திருந்தேன்.

கோப்பைத் திறந்தேன். பச்சை கவுன், கழுத்திலும் கையிலும் லேஸ். அக்கா இங்கே வந்த பிறகு தானாகப் போய் வாங்கிய முதல் உடுப்பு. போன மாதம் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். லேஸ் என் கண்ணைப் பறித்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு படம் எடுத்தேன். முகம் வரக் கூடாது என்றாள். அழித்துவிடுகிறேன் என்றேன். அன்றைக்கே அழித்தேன்.

அழிப்பது என்றுதான் நாங்கள் சொல்வது. படத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு படம் இருக்கும், ஆல்ஃபா என்று பெயர். அதில் வெள்ளை பூசிய இடம் தெரியும். கறுப்பு பூசிய இடம் தெரியாது. சாம்பல் பூசினால் அரைகுறையாகத் தெரியும். லேஸின் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கறுப்புப் புள்ளியாக வைத்து வைத்து, மூன்று நாளில் கண் பூத்துப்போனது.

கவுனுக்கு வெளியே இருந்ததையெல்லாம் ஒரே இழுப்பில் கறுப்பாக்கியிருந்தேன்.

வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஆல்ஃபா முழுவதையும் வெள்ளையாக்கிப் பார்க்க வேண்டும். ஆக்கினேன்.

திரையில் அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள்.

படம் எடுத்தபோது அவள் சிரித்ததே எனக்கு நினைவில்லை. லேஸை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குப் பின்னால் எங்கள் கூடத்து வெள்ளைச் சுவர். லேஸ் ஓரத்தில் கசிந்தது அந்தச் சுவரின் நிறம். சுவரை ஒட்டித் திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில், பல் மருத்துவரின் பெயர்ப்பலகை. பெயர், தெரு, தொலைபேசி எண் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

கறுப்பு பூசினால் எதுவும் அழியாது. விற்கிற கோப்புக்கு உள்ளேயே தெரியாமல் இருக்கும்; வாங்கியவர் ஆல்ஃபாவை வெள்ளையாக்கினால் அவருக்கும் தெரியும். இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. சுற்றி இருப்பதையெல்லாம் முதலில் துணியின் நிறத்தால் மூடு, பிறகு கறுப்பு பூசு என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்குச் சோம்பல்பட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தோடு விட்டுவிட்டேன்.

கடையிலிருந்து கவுனை நீக்கினேன். எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஒரே ஒருவர். காலையில் எழுதிய அந்த மரியாதைக்காரர்தான்.

போன உயிர் திரும்பி வந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் படம். அவருக்கு அதனால் என்ன?

'குறைக்கு வருந்துகிறேன். புதிய கோப்பு இன்றே அனுப்புகிறேன். பழையதைத் திறக்காமல் நீக்கிவிடுங்கள்' என்று எழுதினேன். திறக்காமல் என்ற சொல்லைப் போட்டிருக்க வேண்டாம் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்குடி மூடறே?" என்றாள் அக்கா.

தூசி என்றேன். அவள் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தே இரண்டு வாரம்தான் ஆகிறது. அவளிடம் எப்படிச் சொல்வேன்? மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்காலிக்குத் திரும்புவதற்குள் பதில் வந்திருந்தது. இந்தத் தடவை வீட்டுப் பேச்சில்.

'உங்கக்கா ரொம்ப இளைச்சுட்டா. புதுசை அனுப்ப வேண்டாம்மா, நேர்ல வந்தே வாங்கிக்கறேன்.'