ரேடியோக்காரர் தோற்ற கதை

"எல்லாரும் இருக்காங்க மாப்பிள்ளை. இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க."

பிரார்த்தனைக் கூடத்து வாசலில் மச்சான் வழியை மறித்து நின்றார். ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். காது ரொம்ப மந்தமாகிவிட்டதால் அவர் ரகசியம் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். சவால் விட்டால் கேட்கவா வேண்டும்?

மாட்டிக்கொண்டவர் ரேடியோக்காரர். ரேடியோ, மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஆள். கடவுள் பேச்சை எடுத்தாலே ஆதாரம் எங்கே என்பார். 'விளக்க முடியாத ஒன்றைக் காட்டுங்கள். இந்தப் போர்டைக் கழற்றிவிட்டு, கூடத்தில் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்' என்று கடை வாசலில் போர்டே மாட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டு வாதாடப் போனவர்கள் எல்லாம் மூக்குடைபட்டுத்தான் திரும்பினார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் தங்கைதான் ரேடியோக்காரர் மனைவி. தையல் டீச்சர், பக்திக்காரி. கல்யாணமான நாளிலிருந்து புருஷனோடு மல்லுக்கட்டி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்த மனுஷன் ஒரே ஒரு தரமாவது வாயடைத்து நிற்க வேண்டும் என்று கடவுளிடமே மனு போட்டிருக்கிறாள்.

அண்ணன் கேட்ட கேள்வி சாதாரணமானது இல்லை. டாக்டர் கொடுத்த காது மெஷினை, நான் என்ன கிழவனா என்று தூக்கி எறிந்தவர் அவர். அப்புறம் யார் பேசுவதும் புரியாமல், கூடத்துக்கு வருவதையும் விட்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனார். சோறு இறங்கவில்லை. பாதி ஆளானார். தங்கை பயந்தே போய்விட்டாள்.

கடைசியில் ரேடியோக்காரர்தான் விடாப்பிடியாக ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்து, கூடத்தில் அவர் வழக்கமாக உட்காரும் தூணோரத்து பெஞ்சில் உட்கார வைத்தார். சாமி இல்லை என்கிறவர் சாமி கும்பிட ஆள் கொண்டுவந்து இறக்குகிறாரே என்று ஊரே சிரித்தது.

அன்றைக்குத்தான் அது நடந்தது. பாட்டு, உரை, பிரார்த்தனை எல்லாம் அண்ணன் காதில் மணிமணியாக விழுந்தது. அதன்பின் வாராவாரம் விழுகிறது. மனுஷனுக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது.

"பக்கத்துல உட்கார்ந்து பேசற ஊர்வம்பு கேக்கல. கடவுள் வார்த்தை மட்டும்தான் கேக்குது. மெஷின் இல்லாம கேக்காதுன்னு டாக்டரே சொன்ன காது இது. எப்படின்னு சொல்லுங்க பார்ப்போம்."

கூட்டம் மொத்தமும் ரேடியோக்காரர் வாயைப் பார்த்தது. தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இவர் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லி, அண்ணன் மறுபடி வீட்டுக்குள் போய் முடங்கிவிட்டால்?

ரேடியோக்காரர் மச்சான் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளையும் விரித்துவிட்டார்.

அவ்வளவுதான். யாரோ கைதட்டினார்கள். இத்தனை நாள் அடித்த வாய் எங்கே போச்சு என்று ஒருவர் கேட்டார். அன்று சாயங்காலமே ரேடியோக்காரர் ஏணி போட்டு ஏறிக் கடைப் போர்டைக் கழற்றினார். வேடிக்கை பார்க்க ஒரு கும்பல் நின்றது.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் மனைவிக்குத்தான் அது இனிக்கவில்லை.

"நிஜமாவே உங்ககிட்ட பதில் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. சாப்பாட்டைப் போடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே எதிர்த்தாலும் மனசுக்குப் பட்டதைச் சொல்கிற ஆள் என்றுதானே உள்ளுக்குள் இத்தனை வருஷமும் கர்வப்பட்டாள்? அந்த ஆளா நாலு பேர் கைதட்டலுக்குப் பயந்து இப்படிச் சுருண்டுவிட்டது? தோற்றதுகூடப் பரவாயில்லை. போராடாமல் தோற்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாக்குக் கொடுத்தபடி வாராவாரம் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை.

இப்படி இருக்கும்போது, கூடத்து பெஞ்சுகளின் உயரமான முதுகுச் சாய்மெத்தைகளுக்குப் புது உறை தைக்கிற வேலை அவளிடம் வந்தது. ஆளில்லாத மத்தியானமாகப் பார்த்து உட்கார்ந்து, பழைய உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

தூணோரத்து பெஞ்சுக்கு வந்ததும் கை நின்றது. அந்த உறையின் ஒரு ஓரத்தை யாரோ ஏற்கெனவே பிரித்து மறுபடி தைத்திருந்தார்கள். தடித்த நூல், கோணல்மாணலாக, எட்ட எட்டத் தையல். அவளிடம் படிக்கிற பெண் இப்படித் தைத்திருந்தால் விரலிலேயே ஒன்று போட்டிருப்பாள்.

பிரித்துப் பார்த்தாள். பஞ்சுக்குள்ளே, அண்ணன் காது சாய்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். அதன் ஒயர் பலகையைத் துளைத்துக்கொண்டு நேராக மைக் செட்டுக்குப் போனது.

ஊசியில் நூல் கோக்கக்கூடப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மனுஷன், தனியாக உட்கார்ந்து, விரலைக் குத்திக்கொண்டு தைத்திருக்கிறார். வாசலில் அத்தனை பேர் நடுவில் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கையை விரித்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் அவளுக்குக் கண் தெரியவில்லை. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை இருந்த இடத்திலேயே வைத்து, யார் தேடினாலும் அகப்படாதபடி நெருக்கமாகத் தைத்து மூடினாள். கடைசி முடிச்சுப் போடும்போது அண்ணன் உள்ளே வந்தார்.

"என் இடத்தைப் பார்த்துத் தை," என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "உன் புருஷன் கடைசியில தோத்துட்டாரேன்னு வருத்தமாம்மா?" என்று கேட்டார்.

அவள் குனிந்து, அவர் காதருகே வாயை வைத்து, கூடமே அதிரும்படி சொன்னாள்:

"இல்லண்ணா. ரொம்பப் பெருமையா இருக்கு."