கடைசிப் பால்

பெங்களூர் டாக்டர் புதுசாகக் கொண்டுவந்த குழாயை வாய்வழியே விட்டு ராஜப்பனின் வயிற்றைப் பார்த்தாகிவிட்டது. நர்ஸ் அருள்மேரி அவரைத் தள்ளுவண்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் விட்டுவிட்டு, சீட்டு வாங்க உள்ளே ஓடினாள்.

சரோஜம்மாள் வண்டிமேல் குனிந்து பார்த்தாள். காலையில் குந்தாரப்பள்ளியிலிருந்து மாட்டுவண்டியில் வாய் ஓயாமல் பேசிவந்த புருஷன், இப்போது கண் செருகிக் கிடந்தார். கடைவாயில் எச்சில் ஒழுகியது.

"ஏங்க! என்னங்க!"

"ஆ... ஆ..." என்றார். வார்த்தை வரவில்லை.

"அண்ணி, நம்ம அப்பனுக்கும் கடைசியில இப்பிடித்தான். எச்சில் முழுங்க முடியலேன்னா அவ்ளோதான்" என்றான் கொழுந்தன் சம்பங்கி. "தொண்டை வறண்டு போனா ஆத்துமா அலையும். பால் ஊத்திடலாம்."

எதிர்க் கடையிலிருந்து டம்ளரில் பால் வந்தது. அதைப் பார்த்ததும் ராஜப்பனின் கை மெல்ல எழுந்து ஆடியது.

"பாரு, கேக்கறாரு!"

சரோஜம்மாள் அழுதுகொண்டே முழு டம்ளரையும் ஊற்றினாள். உடம்பு இரண்டு தரம் தூக்கிப் போட்டது. முகம் நீலம் பாரித்து, அடங்கிவிட்டது.

"புண்ணியவதி, உன் கையால குடிச்சிட்டுப் போயிட்டாரு" என்று சம்பங்கி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அருள்மேரி சிரித்த முகமாய் ஓடிவந்தாள்.

"நல்ல செய்திம்மா! புத்து கித்து ஒண்ணுமில்ல, சின்னப் புண்ணுதான். தொண்டை மரத்துப்போக மருந்தடிச்சு, மயக்க ஊசியும் போட்டிருக்கோம், கொஞ்ச நேரம் இப்பிடித்தான் உளறுவாரு. அதுவரைக்கும் சொட்டுத் தண்ணிகூடக் கூடாது, மூச்சுக்குழல்ல எறங்கிடும். அவருகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். உங்ககிட்டச் சொன்னாரா?"

காலி டம்ளர் சரோஜம்மாளின் கையிலேயே இருந்தது.

"சொன்னாருங்க" என்றாள். "கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாருங்க."